வைக்கோலும் எரிபொருளும்

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கிப் பாலத்தைக் கடந்தால் சவளக்கடை. மாரியில் அப்பாதையை வெள்ளம் மேவிப் போக்குவரத்துத் தடைப்படுவதும், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அதே வழியால் நெல் மூடைகளை ஏற்றிய உழவு இயந்திரங்கள் நிரையாக ஊர்வதும் அப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன காட்சிகள். பெரும்போக வெட்டு முடிந்த கையோடு அவ்வட்டைகளைப் பார்ப்போருக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னிறத்தில் வைக்கோல் தெரியும். அதனிடையே அங்குமிங்கும் எழும் புகையும் தெரியும்.

முன்னாளில் இந்தப் புகை இல்லை. கதிரை அறுத்து, கட்டுக் கட்டிச் சூடு வைத்து, எருமைகளைக் கொண்டு மிதித்த காலத்தில் வைக்கோல் முழுவதும் களத்து மேட்டிலே ஓரிடத்திற் குவிந்து கிடந்தது. மாட்டுக்கு வேண்டியவர் மாட்டுக்கு எடுத்தனர். கூரைக்கு வேண்டியவர் கூரைக்கு எடுத்தனர். இக்காலத்து அறுவடை இயந்திரமோ வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு வைக்கோலைப் போகும் வழியெல்லாம் சிந்திச் செல்கிறது. அதனைத் திரட்டக் கூலி கொடுப்பதிலும் ஒரு தீக்குச்சி மலிவு. அடுத்த போகத்துக்கு உழ வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்ள, வயற்காரர் தீ வைத்துவிடுகின்றனர்.

"வைக்கோலிலிருந்து பெற்றோல் எடுக்கலாமாமே காக்கா, மெய்தானா?" என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டால், கேட்கப்பட்டவர் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். ஆயினும் அக்கேள்வி சிரித்துத் தள்ளக் கூடியதன்று. பெற்றோல் அன்று, பெற்றோலுடன் கலக்கத்தக்க எதனோல் என்னும் மதுசாரம் வைக்கோலிலிருந்து எடுக்கப்படுகின்றது. இந்தியாவின் அரியானா மாநிலத்திலுள்ள பானிப்பட்டில், இந்தியன் ஒயில் நிறுவனத்தின் ஆலையொன்று இதற்கெனவே அமைக்கப்பட்டு 2022ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 10ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 900 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட செலவில் எழுந்த அவ்வாலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் தொன் நெல் வைக்கோலை உட்கொண்டு 3 கோடி லீற்றர் எதனோலைத் தரும் வகையில் திட்டமிடப்பட்டது. பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று கிழமைகளே உண்டு. அவ்விடைவெளியில் எரிக்கப்படும் வைக்கோலின் புகை ஒவ்வோராண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தில்லி மாநகரின் மூச்சைத் திணறச் செய்து வருகின்றது. ஆலை எழுந்தமைக்கு அப்புகையும் ஒரு காரணம்.

வைக்கோலுக்குள் மதுசாரம் எங்கிருந்து வந்தது? நெல்மணிக்குள் இருக்கும் மாப்பொருளும் வைக்கோலுக்குள் இருக்கும் செல்லுலோசும் உடன்பிறந்தவை. இரண்டும் குளுக்கோசு என்னும் ஒரே வெல்லத்தின் மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளே. கோக்கப்பட்ட முறையில்தான் வேற்றுமை. மாப்பொருளில் மணிகள் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் சங்கிலி சுருண்டு தளர்ந்து கிடக்கின்றது. மனிதனின் உமிழ்நீர்கூட அதனை அறுத்துவிடும். செல்லுலோசில் ஒரு மணி நிமிர்ந்தும் அடுத்த மணி தலைகீழாகவும் மாறி மாறி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கின்றது. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொண்டு, நீரும் நுழைய இடமின்றி இறுகிவிடுகின்றன. சோற்றை உண்டு செரிக்கும் மனிதன் வைக்கோலை உண்டு செரிக்க முடியாமைக்கு இந்தச் சிறு திருப்பமே காரணம். 1838ஆம் ஆண்டில் அன்செல்மி பயன் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் தாவரங்களிலிருந்து இப்பொருளைப் பிரித்தறிந்தார்.

செல்லுலோசு தனியே இருந்தாலும் பாதகமில்லை. அதனைச் சுற்றி அரைச்செல்லுலோசு என்னும் வேறொரு வெல்லச் சங்கிலி பின்னிக் கிடக்கின்றது. இவை இரண்டுக்கும் இடையே இலிக்னின் என்னும் பொருள் பசைபோல் நிரம்பி நிற்கின்றது. கட்டடத் தூணுக்கு உவமை சொல்வதாயின், செல்லுலோசு உருக்குக் கம்பி, அரைச்செல்லுலோசு அதனைப் பிணைக்கும் கட்டுக்கம்பி, இலிக்னின் சீமெந்து. நெல் வைக்கோலில் இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவைப் பெருமளவு உறிஞ்சித் தன் தாளிலும் இலையிலும் படிய வைக்கின்றது. வைக்கோலைக் கையால் அள்ளியவர் உணரும் சுணை அதனால் வருவதே. பயிரை நோயிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கும் இச்சிலிக்கா, ஆலையிலே இயந்திரப் பற்களைத் தேய்த்துவிடுகின்றது.

இக்கோட்டையைத் தகர்க்க மனிதன் முதலிற் கையாண்ட ஆயுதம் அமிலம். 1819ஆம் ஆண்டில் என்றி பிரக்கோனோ என்பவர் பழந்துணியைச் சல்பூரிக்கமிலத்தில் ஊற வைத்து வெல்லம் எடுத்துக் காட்டினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் மரத்தூளை அமிலத்திற் காய்ச்சி மதுசாரம் வடித்தனர். ஆனால், அமிலம் மரத்தை வெல்லமாக்குவதோடு நில்லாமல் வெல்லத்தையும் சிதைத்துவிடும், பாத்திரத்தையும் அரித்துவிடும். போர் முடிந்து எண்ணெய் மலிந்ததும் அத்தொழில் கைவிடப்பட்டது.

அமிலமும் கொதிநீருமின்றி, சாதாரண வெப்பநிலையில், ஓசையின்றி இவ்வேலையைச் செய்யும் உயிர்கள் எங்கும் இருக்கின்றன. மாரி மழையில் நனைந்த வைக்கோற் போரின் அடிப்பாகம் கறுத்து மக்குவதும், மாடு உண்ட வைக்கோல் பாலாவதும் அவற்றின் செயலே. மாட்டின் அசையூண் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் நொதியங்களைச் சுரந்து செல்லுலோசை உடைத்துத் தருகின்றன. கறையானின் குடலிலும் இத்தகைய துணைவர் உளர்.

இவ்வுயிர்களுள் இன்று உலகப் புகழ் பெற்றது ஒரு பங்கசு. அதன் வரலாறு கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் சமுத்திரத்தின் சொலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் அமெரிக்கப் படைகள் முகாமிட்டிருந்தன. எதிரியின் குண்டுக்குத் தப்பிய பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் வார்ப்பட்டிகளும் சில கிழமைகளில் மக்கி உதிர்ந்தன. காரணம் காணப் பணிக்கப்பட்ட இராணுவ ஆய்வாளர்கள் உக்கிய துணிகளிலிருந்து பங்கசுக்களைப் பிரித்து எடுத்துச் சென்றனர். அவற்றுள் ஒன்று கியூ. எம். 6ஏ என்று எண்ணிடப்பட்டது. மசச்சூசெற்சு மாநிலத்தின் நேட்டிக் ஆய்வுகூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் என்னும் இருவர் அதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். துணியை எவ்வாறு காப்பது என்று தொடங்கிய ஆராய்ச்சி, 1970களின் எண்ணெய் நெருக்கடி வந்ததும், துணியைத் தின்ற அதே நொதியத்தைக் கொண்டு கழிவிலிருந்து வெல்லம் எடுப்பது எவ்வாறு என்று திரும்பியது. பின்னர் அப்பங்கசுக்குத் திரைக்கோதேர்மா ரீசி என்று ரீஸ் அவர்களின் பெயரே சூட்டப்பட்டது. இப்பங்கசின் இனத்தவர் சிலரைச் சவளக்கடை வயற்காரரும் அறிவர். கூட்டெரு விரைந்து மக்கவும் பயிர்நோயைத் தடுக்கவும் பொதிகளில் விற்கப்படும் திரைக்கோதேர்மா இதன் உறவே.

அப்பங்கசு சுரக்கும் நொதியம் ஒன்றன்று, ஒரு கூட்டம். ஒரு வகை நொதியம் செல்லுலோசுச் சங்கிலியை நடுவிலே கண்ட இடத்தில் வெட்டும். வெட்டியதால் உண்டான முனைகளைப் பற்றிக்கொண்டு இரண்டாம் வகை நொதியம் சங்கிலி வழியே நகர்ந்து, இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றிப் போடும். மூன்றாம் வகை அந்த இரட்டையைப் பிளந்து குளுக்கோசாக்கும். முதலாவது இல்லையேல் இரண்டாவதற்குப் பிடி கிடையாது. மூன்றாவது சோம்பினால் இரட்டைகள் தேங்கி இரண்டாவதன் கையைக் கட்டிவிடும். ஒரு வரம்பில் வெட்டுவோர், கட்டுவோர், சுமப்போர் என்று மூன்று பேர் நின்றால் ஒருவர் தாமதம் மூவரையும் தாமதிக்கச் செய்வது போலத்தான். 2010ஆம் ஆண்டில், ஒட்சிசனைப் பயன்படுத்தி இறுகிய பகுதிகளைக் கீறித் திறக்கும் நான்காவது வகை நொதியமொன்றின் செயலையும் நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினர்.

இயற்கையில் இப்பங்கசு தனக்குப் போதுமான அளவே நொதியம் சுரக்கும். ஆலைக்கு அது போதாது. கதிர்வீச்சும் இரசாயனமும் செலுத்தி, பன்மடங்கு சுரக்கும் மாற்றினங்களை முதலில் உண்டாக்கினர். பின்பு பரம்பரையலகுகளை வெட்டி ஒட்டும் நுட்பம் வந்தது. குறைவாகச் சுரந்த மூன்றாம் வகை நொதியத்துக்குரிய பரம்பரையலகை வேறு பங்கசுக்களிலிருந்து எடுத்து இதனுட் புகுத்தினர். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அரசு நொவோசைம்ஸ், ஜெனென்கோர் என்னும் இரு நிறுவனங்களுக்கு நிதி வழங்கி நொதியத்தின் செலவைக் குறைக்கச் செய்தது. குறைந்தது உண்மை. எனினும் மாப்பொருளை உடைக்க வேண்டிய நொதியத்தை நோக்க, செல்லுலோசை உடைக்க வேண்டிய நொதியம் இன்றும் பல மடங்கு, செலவும் அவ்வாறே.

வெல்லம் கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். அதனை மதுசாரமாக்குவது மதுவம். பாணை எழும்பச் செய்யும் அதே மதுவந்தான். 100 கிலோ குளுக்கோசிலிருந்து மிகக் கூடியது 51 கிலோ எதனோல் வரும். மீதி காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. வைக்கோலின் வெல்லம் முழுவதும் குளுக்கோசு அன்று. அரைச்செல்லுலோசு உடையும்போது சைலோசு என்னும் ஐந்து காபன் வெல்லம் பெருமளவில் வெளிவரும். மதுவம் சைலோசைத் தொடுவதில்லை. வெல்லத்தில் மூன்றிலொரு பங்கை எறிந்துவிட்டு எந்தத் தொழிலும் இலாபம் காண இயலாது.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பலர் பல வழிகளை நாடினர். புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லொனி இங்கிரம் மதுவத்தை விட்டுவிட்டு, எல்லா வகை வெல்லத்தையும் உண்ணும் ஈ. கோலி என்னும் பற்றீரியாவை எடுத்துக்கொண்டார். மெக்சிக்கோவின் கற்றாழைக் கள்ளிலும் ஆபிரிக்காவின் பனங்கள்ளிலும் வாழும் சைமோமோனசு என்ற பற்றீரியாவின் மதுசாரம் ஆக்கும் பரம்பரையலகுகளை அதற்குக் கொடுத்தார். அக்கண்டுபிடிப்புக்கு 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 50 இலட்சமாவது புத்தாக்க உரிமை வழங்கப்பட்டது. பேர்டியூ பல்கலைக்கழகத்தின் நான்சி ஹோ, 1990களில், சைலோசை உண்ணும் வேறொரு மதுவத்தின் பரம்பரையலகுகளைச் சாதாரண மதுவத்துக்கு ஊட்டினார்.

ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட வழி அம்பாறை மாவட்டத்தார்க்குச் சிறப்பாகச் சுவைக்கும். சைலோசை ஒரே படியில் மதுவத்துக்கு உகந்த வெல்லமாக மாற்றும் நொதியத்தை அவர்கள் தேடினர். அது கிடைத்தது பைரோமைசிசு என்னும் பங்கசில். அப்பங்கசு முன்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது ஆசிய யானையின் இலத்தியிலிருந்து. வெட்டு முடிந்த வயல்களுக்கு யானைக் கூட்டங்கள் இறங்கி வைக்கோலை மேய்வதை இப்பகுதியார் அச்சத்தோடு பார்ப்பதுண்டு. நூற்றுக்கணக்கான கிலோ தாவரத்தை நாள்தோறும் விழுங்கும் அவ்விலங்கின் வயிற்றுக்குள் இருந்த ஒரு நுண்ணுயிரின் பரம்பரையலகு, பாண் சுடும் மதுவத்துக்குள் ஏறி, வைக்கோலை எரிபொருளாக்கக் கற்றுக்கொடுத்தது. யானைக்கு நட்டஈடு கேட்போர் இதனையும் கணக்கில் எடுப்பார்களாக!

ஆலையில் நடைபெறும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைக்கோலை நறுக்கி, மண்ணும் கல்லும் போகக் கழுவி, நீர்த்த அமிலத்தோடு அழுத்தமான நீராவியில் அவிப்பர். அழுத்தத்தைத் திடீரெனத் தளர்த்தும்போது நார்கள் வெடித்துத் திறக்கும். பின்னர் ஏறக்குறைய 50 பாகை வெப்பத்தில் நொதியம் சேர்ப்பர். ஆறிய கூழில் மதுவம் சேர்ப்பர். நொதித்த நீரைக் காய்ச்சி வடிப்பர். எஞ்சும் இலிக்னின் சக்கை கொதிகலனுக்கு விறகாகும். நீராவியில் அவிக்கும்போதே மதுவத்தை நஞ்சூட்டும் சில பொருள்களும் உண்டாகிவிடுவதால், அவற்றைத் தாங்கும் மதுவ இனங்களையும் தேர்ந்து வளர்க்க வேண்டியதாயிற்று. இம்மாற்றப்பட்ட நுண்ணுயிர்கள் மூடிய தொட்டிகளுக்குள்ளேயே வாழ்ந்து, வடிப்பின் சூட்டில் மடிந்துபோவன. வயலில் விதைக்கப்படுவன அல்ல.

இனிக் கணக்கு. ஒரு தொன் நெல் வைக்கோலில் 370 கிலோ செல்லுலோசு இருப்பதாகக் கொண்டால், அதிலிருந்து ஏட்டுக் கணக்கில் 265 லீற்றர் எதனோல் வரவேண்டும். சைலோசையும் சேர்த்தால் 400 லீற்றருக்கு மேல் வரும். பானிப்பட்டு ஆலையின் திட்டக் கணக்கோ தொன்னுக்கு 150 லீற்றர். ஏட்டுக்கும் தொட்டிக்கும் இடையே இத்தனை தூரம். ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளையும் நல்ல வயலில் வைக்கோலும் ஏறத்தாழ அவ்வளவே வரும். ஆகவே ஓர் ஏக்கர் வைக்கோல் 300 லீற்றர் எதனோல். எதனோலின் எரிசக்தி பெற்றோலினதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், அது 200 லீற்றர் பெற்றோலுக்கு ஈடு. பானிப்பட்டு ஆலை போன்ற ஒன்றுக்கு ஒரு இலட்சம் ஏக்கரின் வைக்கோல் வேண்டும். அதே நாட்டின் காசிப்பூரில், மும்பாய் இரசாயனத் தொழினுட்ப நிறுவகத்தின் முறைப்படி 2016இல் அமைந்த செய்முறை ஆலைக்கோ நாளொன்றுக்கு 10 தொன் போதும். அதாவது ஐந்து ஏக்கர். சவளக்கடை போன்ற ஊர் ஒன்றின் எல்லைக்குள் அடங்கும் அளவு அதுவே.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை இந்நாட்டில் எவரும் மறந்திரார். வரிசைகளும், யூலை மாதத்தில் வந்த கியூ. ஆர். அட்டையும், அறுவடை இயந்திரத்துக்கு டீசல் இன்றி முற்றிய கதிரைப் பார்த்து நின்ற நாட்களும் வயற்காரரின் நெஞ்சில் உள்ளன. அந்நெருக்கடியில் வைக்கோல் எதனோல் இருந்திருந்தால் உதவியிருக்குமா? மோட்டார்ச் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஓரளவு உதவியிருக்கும். அறுவடை இயந்திரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் உதவியிராது; அவை டீசலில் ஓடுவன, எதனோல் பெற்றோலுக்குத் துணையாவது. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவோர் வயற்காரனுக்கு நன்மை செய்பவராகார்.

கல்முனை, சம்மாந்துறைப் பகுதிகளில் இப்பொருள் பற்றிப் பேசும்போது மற்றொரு கேள்வியும் எழாமற் போகாது. மதுசாரம் என்ற சொல்லே முகத்தைச் சுளிக்கச் செய்வது. எரிபொருளாக விற்கப்படும் எதனோல், குடிக்க இயலாதவாறு வேறு பொருள் கலந்து கெடுக்கப்பட்டே ஆலையை விட்டு வெளியேறும். 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் பள்ளிவாசல் வாயிலிலும் பாடசாலை வாயிலிலும் கையைத் தூய்மை செய்ய வைக்கப்பட்ட திரவங்களிற் பலவற்றில் இருந்ததும் இதே பொருளே. இதனை உற்பத்தி செய்வதிலும் விற்பதிலும் மார்க்கத் தீர்ப்பு யாது என்பதை உலமாக்களே கூற வேண்டும். இரசாயனவியல் சொல்லக்கூடியது, வண்டியின் இயந்திரத்துள் எரிவது யாது என்பது மட்டுமே.

அம்பாறை மாவட்டம் எதனோலுக்குப் புதியதன்று. கல்லோயாத் திட்டத்தின் வழிவந்த இங்குராணைச் சீனித் தொழிற்சாலை கரும்பைப் பிழிந்து, சீனி எடுத்து எஞ்சிய கழிவுப்பாகை வடித்து மதுசாரமாக்கி வந்துள்ளது. 1990களின் பிற்பகுதியில் மூடுண்ட அத்தொழிற்சாலை 2012இல் மறுபடி இயங்கத் தொடங்கியது. வைக்கோலைத் தொழிலுக்கு எடுப்பதும் கிழக்குக்குப் புதியதன்று. 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலின் செல்லுலோசையே கடதாசியாக்கியது. வைக்கோல் காற்று நிறைந்த பண்டம். ஒரு லொறி நிறைந்து வழிந்தாலும் நிறை சொற்பம். அதனை அமுக்கிக் கட்டாக்க வேண்டும். மழை படாமற் காக்க வேண்டும். வெட்டு நடக்கும் சில கிழமைகளில் திரட்டியதை ஆண்டு முழுவதும் தீயிலிருந்தும் பூஞ்சணத்திலிருந்தும் பாதுகாக்க வேண்டும். கடதாசிக்கும் இதே தொல்லை, எதனோலுக்கும் இதே தொல்லை.

இத்தொல்லையைக் குறைவாக மதித்தவர்கள் செல்வ நாடுகளிலேயே தோற்றனர். அமெரிக்காவின் கன்சாசு மாநிலத்தில் 2014இல் திறந்த ஆலையின் உரிமையாளர் 2016இல் வங்குரோத்தானார். அயோவா மாநிலத்தில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் திறந்த இரு பேராலைகளுள் ஒன்று 2017இலும் மற்றையது 2019இலும் எதனோல் உற்பத்தியை நிறுத்தின. இத்தாலியின் கிரெசென்தினோவில் 2013இல் ஆரவாரத்தோடு தொடங்கிய ஆலை 2017இல் நின்று, கைமாறிப் பின்னரே மீண்டும் இயங்கியது. 2014இல் எண்ணெய் விலை வீழ்ந்தமை ஒரு காரணம். நொதியத்தின் விலை இன்னொன்று. வைக்கோலோடும் சோளத்தட்டையோடும் வந்த மண்ணும் கல்லும் ஊட்டும் இயந்திரங்களை அடைத்தமை மூன்றாவது. பரம்பரையலகை மாற்றத் தெரிந்த விஞ்ஞானம், சேறு படிந்த வைக்கோற் கட்டின் முன் திகைத்து நின்றது என்றே கூற வேண்டும். பிரேசில் நாட்டினர் மட்டும் சற்று நிலைத்து நிற்கின்றனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கரும்புச் சக்கையை. அது எப்படியும் சீனி ஆலையின் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். தேடித் திரட்ட வேண்டியதில்லை. இந்நாட்டில் இம்முயற்சி என்றேனும் தொடங்குமாயின், வயலைவிட இங்குராணைச் சக்கைக் குவியலே அதற்குத் தக்க இடம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திய வினா வேறு. வைக்கோல் உண்மையில் கழிவுதானா? ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும், ஒரு கிலோவையொட்டிப் பொசுபரசும் உள்ளன. பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும் பங்கு நெல்லிலன்றி வைக்கோலிலேயே தங்குகின்றது. தீ வைத்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போகும். பொட்டாசியம் பெரும்பாலும் சாம்பலில் நிற்கும், அச்சாம்பலும் காற்றிலும் மழையிலும் அள்ளுண்டு போகலாம். ஆலைக்கு விற்றால் அத்தனையும் லொறியேறிப் போகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது, வெளிறிப்போன பயிரைப் பார்த்து நின்றோர் இவ்வெண்களை எளிதாகக் கடந்து செல்லமாட்டார்கள். ஒவ்வொரு போகமும் வைக்கோலை விற்பவர், அதில் வரும் பணத்தில் ஒரு பங்கைப் பசளைக் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

மாடுகளும் உள்ளன. வறட்சியில் மேய்ச்சல் தரைகள் காயும்போது மாட்டுக்காரர் நம்பியிருப்பது வயலின் வைக்கோலையே. ஆலை ஒன்று வந்து விலை கொடுக்கத் தொடங்கினால், காசு கொடாது வைக்கோல் பெற்று வந்த ஏழை மாட்டுக்காரரே முதலில் இழப்பர். பானிப்பட்டுக் கணக்கில் இவர்களுக்கு இடமில்லை. இங்குப் போடும் கணக்கில் இடம் வேண்டும். மண்ணுக்கு வேண்டியது, மாட்டுக்கு வேண்டியது போக எரிக்கப்படுவது எவ்வளவோ அவ்வளவே ஆலைக்கு உரியது. அதற்கும் ஒரு நிபந்தனை விதிக்கலாம்: கொதிகலனில் எரிந்த சாம்பலை, பொட்டாசியத்தோடும் சிலிக்காவோடும், வந்த வயல்களுக்கே ஆலை திருப்பி அனுப்புதல். வைக்கோலை ஏற்றிச் சென்று வெறுமையாகத் திரும்பும் லொறிக்கு அது பெரிய சுமையன்று.

இப்போகத்தில் சவளக்கடை வட்டைக்கு எந்த ஆலையின் லொறியும் வரப்போவதில்லை. தீ வைக்க விரும்பாதவர் செய்யக்கூடியது இதுவே: இயந்திரம் வரிசையாகச் சிந்திய வைக்கோலை வயல் முழுவதும் பரவி, வாய்க்கால் திறந்ததும் ஈரத்தோடு மண்ணில் மடக்கி உழுதுவிடுதல். உழுதவுடன் விதைக்கலாகாது. வைக்கோலை உடைக்கும் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் தம் உடலை வளர்க்க மண்ணிலுள்ள நைதரசனை முதலில் தாமே எடுத்துக்கொள்ளுமாதலால், அவசரப்பட்டு விதைத்த நாற்று மஞ்சளிக்கும். இரண்டு மூன்று கிழமை பொறுத்தால் அவை எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். சிறுபோகத் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு நாளையும் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது, இந்த இரண்டு மூன்று கிழமையையும் இடையில் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.